சுவரிலிருந்து ஒரு கை தூரம்

என் மனைவி அந்தச் சிலுவையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அது வெள்ளை என்பாள். ஒன்றரை அடி உயரம். சிமெண்ட். வலது கை ஓரத்தில் சின்னதாகச் சிதைந்திருக்கும். இத்தனையும் நான் சொன்னவை. புதுச்சேரியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில், எங்கள் முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் அது நிற்கிறது என்று இருபத்தாறு வருடங்களாக நம்பியிருந்தாள். அப்படி ஒரு சிலுவையை நான் வைக்கவே இல்லை.

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு நாமே போய்விடலாம் என்று செப்டம்பரில் ஒரு காலையில் சொன்னாள். அவளுடைய அம்மா அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இறந்திருந்தார். திருச்சியில் அந்தக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். “அவளுக்கு யாரு இருக்கா?” என்றாள். அவள் என்றால் குழந்தை. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் புழங்கியதில்லை. பின்னால் பிறந்த மகன்கள் இருவருக்கும் முன்னால் ஓர் அக்கா இருந்தாள் என்பது தெரியும். அதற்கு மேல் அவர்கள் கேட்டதில்லை.

அப்போது நான் ஒரு நாளிதழுக்குப் புதுச்சேரி நிருபர். மூலக்குளத்தில் ஒரு மாடிப் பகுதியில் குடியிருந்தோம். ஏழாம் மாதத்தில் வலி வந்து, அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். காலையில் பிறந்து மதியத்துக்குள் போய்விட்டது. வார்டில் இருந்த கன்னியர் ஒருவர் அவசரத் திருமுழுக்குக் கொடுத்தார். மனைவிக்கு மயக்கம் தெளிந்தது மாலையில். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவளுக்குக் காட்டக் கூடாது, காட்டினால் அடுத்தது தங்காது என்று அந்த வார்டில் இருந்த பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியாரும் நானும் ஆட்டோவில் கொண்டுபோனோம். கல்லறைத் தோட்டத்தில் சிறு குழந்தைகளுக்கென்று சுவரை ஒட்டி ஒரு வரிசை இருந்தது. பெரும்பாலான இடங்களில் அடையாளம் ஒரு செங்கல்தான். எங்களுக்கும் ஓர் அரைச் செங்கல் வைத்தார்கள். தெற்கு மூலையிலிருந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு காலடி. சுவரிலிருந்து ஒரு கை தூரம். விபத்து நடந்த இடத்தையும் தீப்பிடித்த குடிசையையும் அப்படித்தான் குறித்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் மனைவி கேட்டாள், சிலுவை வைத்தீர்களா என்று. வைத்தேன் என்றேன். ஊருக்குப் போவதற்குள் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். என்ன நிறம் என்று கேட்டாள். வெள்ளை என்றேன். எவ்வளவு உயரம் என்று கேட்டாள். அதற்கும் சொன்னேன். பெயர் எழுதியிருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். அந்த ஒரு பதில் உண்மை. அவளை மருத்துவமனையிலிருந்து நேராகத் திருச்சிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஒரு மாதத்தில் எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. அந்த ஒரு மாதத்தில் நான் ஒருமுறைகூடக் கல்லறைப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். பயமாக இருந்தது.

அதன்பின் கேள்விகள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா? பக்கத்தில் மரம் உண்டா? வலது கை சிதைந்த கதையும் அப்படி ஒரு கேள்விக்குச் சொன்ன பதில்தான். பக்கத்துக் குழியை வெட்டும்போது மண்வெட்டி பட்டிருக்கும் என்றேன். அவள் அதை நம்பினாள். கொஞ்ச நாளில் எனக்கும் அந்தச் சிதைவு கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

ஆகவே செப்டம்பரில் அவள் போகலாம் என்றதும் நான் செய்தது இதுதான். புதுச்சேரியில் இருக்கும் ஒரு பழைய நண்பரிடம் கொத்தனார் ஒருவரின் எண்ணை வாங்கினேன். உழவர்கரைக்காரர். பஞ்சு மில் மூடிய பிறகு கொத்து வேலைக்கு வந்தவராம். விஷயத்தைச் சொல்லாமல், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சிமெண்ட் சிலுவை வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

“பழசு மாதிரி வேணுமா சார், புதுசு மாதிரி வேணுமா?” என்று கேட்டார். பலரிடம் கேட்டுப் பழகிய கேள்வி போல இருந்தது.

பழசு மாதிரி என்றேன்.

“அப்ப டீ டிக்காஷன் அடிச்சிடுறேன். பத்து வருசம் ஆன மாதிரி ஆயிடும்.”

வலது கை ஓரத்தை லேசாக உடைத்துவிடுங்கள் என்றபோதுதான் தயங்கினார். “நல்லா இருக்கறத இன்னாத்துக்கு சார் ஒடைக்கணும்?” என்றார். பிறகு அவரே, சரி, உங்க இஷ்டம் என்றார். தெற்கு மூலையிலிருந்து முப்பத்தொரு காலடி, சுவரிலிருந்து ஒரு கை தூரம் என்று இடத்தைச் சொன்னேன். அக்டோபர் கடைசி வாரம் நட்டுவிட்டுப் படம் அனுப்பினார். சிலுவை சொன்னபடியே இருந்தது. அதற்குப் பின்னால் மஞ்சள் பூசிய ஒரு சுவர். நான் சிலுவையைத்தான் பார்த்தேன். சுவரைப் பார்க்கவில்லை. படத்தை அழித்துவிட்டேன்.

நவம்பர் ஒன்றாம் தேதி காலை ஆறரைக்கு, இப்போது குடியிருக்கும் திருச்சியிலிருந்து கிளம்பினோம். பின் இருக்கையில் இரண்டு நாளுக்கான துணிப்பை, ஈரத் தாளில் சுற்றிய செவ்வந்தி, இரண்டு பெட்டி மெழுகுவர்த்தி. மனைவியின் காலடியில் கால் லிட்டர் வெள்ளை எனாமல் பெயிண்ட் டப்பா, ஒரு இஞ்ச் பிரஷ், பழைய பனியன் துணி. திருநாளுக்கு முந்தின நாள் கல்லறையைக் கழுவி வெள்ளை அடிப்பது எங்கள் வழக்கம். பெயிண்ட்டைப் பின்னால் வைக்கலாமே என்றதற்கு, கொட்டிவிடும் என்று இரண்டு பாதங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். சாலை குண்டும் குழியுமாக வரும் இடங்களில் டப்பா கதவோரத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

பெரம்பலூர் வரை செபமாலை சொன்னாள். அதற்குப் பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நான் மூன்று முறை தீர்மானித்தேன். முதல் முறை தொழுதூர் சுங்கச்சாவடி வரிசையில். இரண்டாவது, வேப்பூர் தாண்டி ஒரு மக்காச்சோள லாரிக்குப் பின்னால் வெகுநேரம் போனபோது. மூன்றாவது உளுந்தூர்பேட்டையில் டீ குடித்தபோது. அங்கே வார்த்தையைக்கூடத் தயார் செய்திருந்தேன்.

“இருபத்தாறு மழை பாத்திருக்கும்ல, ரெண்டு கோட்டு அடிக்கணும்” என்றாள் அவள், டீயை ஆற்றிக்கொண்டே. பிறகு, “நீங்க ஏன் பேசவே மாட்டேங்கறீங்க? எடம் ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு” என்றேன்.

விழுப்புரத்தில் திரும்பிக் கிழக்கே போனோம். எல்லையில் வரிசையாகச் சாராயக் கடைகள், பிறகு வில்லியனூர், பிறகு மூலக்குளம். நாங்கள் இருந்த வீடு இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம், கீழே டைல்ஸ் கடை. வண்டியை மெதுவாக்கினேன். நிறுத்த வேண்டாம் என்று கையால் சொன்னாள்.

அடுத்த சிக்னலில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து நின்றாள். ஹெல்மெட் முழங்கையில் தொங்கியது. ஏதோ வங்கியின் அடையாள அட்டை கழுத்தில். போனைப் பார்த்து அவளாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மனைவி கண்ணாடியை இறக்கினாள். கேட்க ஏதாவது இருக்கும் என்று அந்தப் பெண் திரும்பினாள். மனைவி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கு மாறியது.

“இந்த வயசுதான்” என்றாள், கண்ணாடியை ஏற்றியபடி.

அறைக்குப் போகும் முன் ஊரை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். இங்கே குடியிருந்த காலத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மாடி இறங்கியதே குறைவு. பூல்வார் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சாலைகள் வழியாக ஓட்டினேன். நான்கு பக்கமும் வளைந்து ஊரைச் சுற்றி வரும் சாலை அது. ஒரு காலத்தில் மதில் சுற்றிய ஊர் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த மதில் எங்கே என்று கேட்டாள். பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டார்கள், மதிலும் அகழியும் இருந்த தடத்தில்தான் பிறகு சாலை வந்தது என்றேன். “நாம இப்ப போறதே மதில் மேலதான்.”

அவள் சன்னலுக்கு வெளியே தலையைச் சாய்த்துத் தாரைப் பார்த்தாள். “மேல போறோம்னு யாருக்குமே தெரியாதுல்ல” என்றாள்.

பதினொன்றரைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் இரு பக்கமும் பூக்கடைகள். உள்ளே நல்ல கூட்டம். குழந்தைகள் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். சுண்ணாம்பும் எனாமலும் கலந்த வாசனை. ஒரு பெரிய கருங்கல் கல்லறையின் மேல், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த சொல்தா ஒருவரின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பெயருக்குக் கறுப்பு பெயிண்ட்டா தங்க நிறமா என்று இரண்டு சகோதரர்கள் சத்தமாகச் சண்டை போட்டார்கள்.

தெற்கு மூலைக்குப் போய்ச் சுவரோரமாக நடந்தேன். உள்ளுக்குள் எண்ணிக்கொண்டேன். மனைவி எனக்கு இரண்டடி பின்னால் வந்தாள். எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை, சிலுவை தூரத்திலேயே தெரிந்தது. ஒன்றரை அடி. தேநீர் நிறக் கறை. வலது கை ஓரத்தில் உடைசல். இருபத்தாறு வருடமாகப் பேசிய பொருள் கண் முன்னால் நின்றபோது, ஒரு கணம் அதை நான்தான் அன்றைக்கு நட்டேன் என்று எனக்கே தோன்றியது. அந்தக் கணத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். சிதைந்த ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு பனியன் துணியை நனைத்துத் துடைத்தாள். கறை ஒரே இழுப்பில் துணியோடு வந்தது. கீழே சிமெண்ட் புத்தம் புதிதாக இருந்தது. துணியைப் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு கல்லறை தள்ளி ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். அவளாகவே பேச்சுக் கொடுத்தாள்.

“அது போன வாரம் நட்டதுக்கா. கொத்தனாரு வந்து வச்சிட்டுப் போனாரு. யாருக்குன்னு கேட்டேன். எடத்துக்காரங்க திருநாளுக்கு வருவாங்கன்னாரு. நீங்கதானா?”

மனைவி தலையசைத்தாள்.

“இங்க யாரையும் பொதைக்கலியேக்கா. இது வழியாச்சே. எங்க வூட்டுக்காரரத் தூக்கிக்கினு வந்ததே இது வழியாத்தான்.” பிரஷ்ஷால் சுவரைக் காட்டினாள். “இந்தச் சுவரே பின்னால கட்டினது. ரோட்டப் பெருசாக்கும்போது பழைய சுவர இட்சிட்டு இங்க தள்ளிக் கட்டிட்டாங்க. சின்னதுங்க வரிச அந்தாண்ட போச்சு.”

அந்தப் பக்கம் இருந்தவர்களை எடுத்து உள்ளே புதைத்தார்களா என்று மனைவி நிதானமாகக் கேட்டாள்.

“பெரியவங்கள எடுத்தாங்க. சின்னதுங்களுக்கு எடுக்கறதுக்கு இன்னா இருக்கும், சொல்லு” என்றாள் அவள். குரலில் கடுமை எதுவும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போனாள்.

நான் சுவரைப் பார்த்தேன். மஞ்சள் பூச்சு, நேரான சிமெண்ட் தூண்கள். அன்றைக்கு இருந்தது பாசி படிந்த செங்கல் சுவர், உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. அதை அளவுக்கு ஆதாரமாக வைத்தேன். சுவர் நகரும் என்று எனக்குத் தோன்றவில்லை. மதிலைத் தொலைத்த ஊரில் இரண்டு வருடம் செய்தி எழுதியவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மனைவி பிரித்திராத பெயிண்ட் டப்பாவைப் பையில் போட்டாள்.

“நீங்க வச்ச சிலுவை எங்க?” என்றாள்.

“வைக்கல.”

“எப்பவுமா?”

“எப்பவும் வைக்கல.”

அவள் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அடுத்துப் பேசியபோது குரல் ஏறவில்லை. “பேப்பர்ல ஒரு எழுத்து தப்பா வந்தா மறுநா திருத்தம் போடுவீங்க. எனக்கு ஒரு நாள்கூடப் போடணும்னு தோணல.” நான் பதில் சொல்வதற்குள், “எடமாவது தெரியுமா, இல்ல அதுவும் கத சொன்னதா?” என்றாள்.

இடம் தெரியும் என்றேன்.

வாசல் வழியாக வெளியே வந்து சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனோம். சாலை இப்போது அகலம். ஓரத்தில் கழிவுநீர்க் கால்வாய், அதற்கும் புதுச் சுவருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடி மண்தரை. அதில் இரு சக்கர வண்டிகளும் பூக்காரர்களின் தார்ப்பாய்களும். கால்வாயின் உள் விளிம்பில் பழைய செங்கல் அடித்தளம் ஓரிரண்டு இடத்தில் பல் போலத் தெரிந்தது. பழைய சுவரின் மூலையைக் கண்டுபிடித்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகளுக்கு இடையில் புகுந்து முப்பத்தொரு காலடி எண்ணினேன். ஒரு இடத்தில் வழி விடாத ஸ்கூட்டரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணினேன். இரண்டு முறையும் ஒரே இடத்துக்குத்தான் வந்தேன். பழைய செங்கல்லிலிருந்து உள்ளே ஒரு கை தூரத்தில் ஒரு பூக்காரி நீலத் தார்ப்பாய் விரித்துச் செவ்வந்தி குவித்திருந்தாள்.

“பூவா, மெழுகுவத்தியா?” என்றாள்.

மனைவி அவளைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள். “இங்க கொஞ்சம் ஒக்காந்துக்கலாமா?” என்றாள்.

“ஒக்காருக்கா. காலு வலிக்குதா?” கோணியை மடித்துப் போட்டாள் பூக்காரி. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாரு நிக்கட்டும், ஆம்பளைங்க ஒக்காந்தா யாவாரம் படுத்துடும்” என்றாள். மனைவி உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் நாரும் பூவும் அவள் மடிக்கு வந்தன. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நாலு முழம் கட்டிக் கொடேன் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். மனைவி கட்ட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் கட்டுவதைவிட நெருக்கமாகக் கட்டினாள்.

ஆட்கள் வந்தார்கள், வாங்கினார்கள், தார்ப்பாயின் ஓரத்தை மிதித்துக்கொண்டு போனார்கள். இந்த இடம் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று மனைவி கேட்டாள். பதினைந்து வருடமாகத் திருநாளுக்கு இதே இடத்தில்தான் விரிப்பதாகப் பூக்காரி சொன்னாள். வாசலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தாலும் மாறமாட்டாளாம். “நல்ல எடம்க்கா. ஒரு வருசமும் எனக்குப் பூ மீந்ததில்ல.”

மனைவியின் கை ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் பூக்காரி பாயைச் சுருட்டிவிடுவாள்.

இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. நான் எதிரே ஒரு மின்கம்பத்தின் நிழலில் நின்றேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். வெயில் இறங்கும் நேரத்தில் மனைவி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பையில் பேனா இருக்கிறதா என்று கேட்டாள்.

“அன்னைக்கு என்ன பாத்தீங்களோ எழுதித் தாங்க. பாத்தது மட்டும்” என்றாள்.

பெட்ரோல் பங்க் ரசீது ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் எழுதினேன். கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினேன். பச்சைத் துணி. உபதேசியார் கையில் விரித்த குடை. குழி முன்னாலேயே வெட்டி வைத்திருந்தது. அரைச் செங்கல். முப்பத்தொரு காலடி. முடிந்து வெளியே வந்தபோது தூறல்.

தூறலைப் பற்றி அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நாங்கள் வாசலைத் தாண்டியதும் தூறியது என்பேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குடை மழைக்கு விரித்ததா வெயிலுக்கு விரித்ததா என்று எனக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. அந்த வரியை அடித்தேன்.

கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். இதை அவளிடம் அதுவரை சொன்னதில்லை. குழியில் இறக்கும் முன் உபதேசியார் துணியை விலக்கி, முகம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வையைப் பக்கவாட்டில் திருப்பினேன். காது கண்ணில் பட்டது. இடது காதின் மேல்விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது, வெற்றிலையின் ஓரத்தை மடித்ததுபோல. எனக்கோ அவளுக்கோ அப்படி இல்லை. பிறகு பிறந்த மகன்களுக்கும் இல்லை. துணியை மூடிவிட்டார்கள்.

அவள் ரசீதை வாங்கி வாசித்தாள். அடித்த வரியின் மேல் விரலை வைத்து, அது என்ன என்று கேட்டாள். தூறல், அது நிச்சயமில்லை என்றேன். காது வரிக்கு வந்ததும் அதை மட்டும் மறுபடி வாசித்தாள்.

“இத ஏன் சொல்லல?”

“முகத்தப் பாக்கலன்னு சொல்ல வேண்டி வரும்னு.”

“வேற யாராவது பாத்தாங்களா?”

உபதேசியார் பார்த்திருப்பார் என்றேன். அவர் இறந்து பல வருடமாகிறது.

அவள் ரசீதை நான்காக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள். பூக்காரியிடம் கட்டிய சரத்தைக் கொடுத்தாள். “பாரு, எனக்கே கத்துக் குடுக்கற மாதிரி கட்டியிருக்க” என்று பூக்காரி அதில் ஒரு முழத்தைக் கிள்ளி மனைவியின் தலையில் வைக்கப் போனாள். மனைவி தலையை விலக்கிக்கொண்டு கையில் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பூசைக்குப் பிறகு வந்தோம். பங்குச் சாமியார் வரிசை வரிசையாகப் போய்த் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டிருந்தார். யாரும் வராத கல்லறைகளுக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். என் சிலுவையின் முன்னால் ஐந்து எரிந்துகொண்டிருந்தன. யாரோ ஒரு செவ்வந்தியும் வைத்திருந்தார்கள். மனைவி எண்ணிப் பார்த்தாள். தன்னுடையதைச் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவும் இல்லை. வெளியே வந்து பூக்காரியின் முதுகுக்குப் பின்னால், தார்ப்பாய் முடியும் இடத்தில் குனிந்து ஏற்றினாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது. பூக்காரி ஏன், யாருக்கு என்று கேட்கவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து மறைப்பு வைத்தாள். மூன்றாவது முறை நின்றது.

திரும்பும் வழியில் விழுப்புரம் தாண்டும் வரை அவள் செபப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். நான் ரேடியோவைப் போடவில்லை. திருச்சிச் சாலைக்கு வந்ததும், முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

“எந்தக் காது?”

“இடது” என்றேன்.

இப்போது கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. அவள் என்னோடு பேசாமல் இருப்பதில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள், மகன்கள் போன் செய்தால் என்னிடமும் கொடுக்கிறாள். ஆனால் எதிர்பாராத நேரத்தில் அந்தக் கேள்வி வருகிறது. ஒருமுறை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது. ஒருமுறை வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மிக மெதுவாக. ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்கிறேன். ஒரே பதிலைச் சொல்வதால் அது நிரூபணம் ஆகிவிடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நேற்று மோர்க்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து, “மேல் விளிம்பா, கீழ் விளிம்பா?” என்றாள். புதுக் கேள்வி.

மேல் என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழம்பு பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. இருவருமே திரும்பவில்லை.